வளையல் விடுப்பு

சத்யப்பிரியாவுக்குக் காபியில் சர்க்கரை அரைக் கரண்டி போதும் என்று மெர்வின் சொன்ன சாயங்காலம்தான் கேத்ரினுக்கு முதன்முதலாக நெஞ்சுக்குள் சுருக்கென்றது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்தும், உங்கள் மனைவி குடிப்பது காபியா டீயா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிற மனிதர் அவர். இப்போது மேசையில் பரப்பியிருந்த தாள்களிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சர்க்கரைக் கணக்கு சொன்னார்.

கேத்ரின் அடுப்படிக்குப் போய் இரண்டு கரண்டி நிறையப் போட்டுக் கலக்கினாள். சத்யப்பிரியா ஒன்றும் சொல்லாமல் கடைசி மடக்கு வரை குடித்தாள். "காபி நல்லாருக்கு மிஸ்" என்று சொல்லித் தம்ளரைக் கழுவியும் வைத்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மெர்வினுக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியர். பள்ளி நேரம் போக, ஆசிரியர் சங்கத்தில் சட்ட உதவிப் பொறுப்பும் அவருடையது. நியமனத்துக்கு ஒப்புதல் வராமல் சம்பளமில்லாமல் கிடப்பவர்கள், காரணம் சொல்லாமல் இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் எல்லாரும் ராஜபாளையத்தில் இருந்த அவர்களுடைய வாடகை வீட்டைத் தேடி வருவார்கள். அவர் மனு எழுதிக் கொடுப்பார், வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போவார். இத்தனை நாளும் உதவி பெறும் பள்ளிக்காரர்கள்தான் வந்தார்கள். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் இனி உதவுவது என்று இந்த வருஷம் சங்கம் முடிவெடுத்தது. முதலில் வந்தவள் சத்யப்பிரியா.

வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா என்று கேத்ரின் நினைத்தாள். ஏனென்றால் சத்யப்பிரியா வேலை பார்த்தது ராஜபாளையத்தில் கேத்ரின் வேலை பார்க்கிற அதே தனியார் பள்ளியில். இவள் மூன்றாம் வகுப்பு, அவள் ஆறாம் வகுப்புக்கு அறிவியல். சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் மாறி வருவாள். கணவன் ராம்குமார் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. ஜனவரியில் நிறைவயிற்றோடு விடுப்பில் போனவள், ஜூனில் பள்ளி திறந்ததும் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து நின்றாள். நீங்கள்தான் வேலையை விட்டுப் போய்விட்டீர்களே என்று சொன்னார்கள். வேண்டுமானால் புதிதாக விண்ணப்பித்து, புதிதாகச் சேருகிறவர்களின் சம்பளத்துக்கு வரலாமாம்.

அந்தப் பள்ளியில் மகப்பேறு விடுப்பு என்று எழுத்தில் எதுவும் கிடையாது. வளையல் மட்டும் உண்டு.

ஆசிரியை ஒருத்திக்கு எட்டாம் மாதம் ஆனதும், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து எல்லாரும் கண்ணாடி வளையல் போடுவார்கள். இந்துவா கிறிஸ்தவரா என்ற பேச்சே இல்லை. வளையலும் சந்தனமும் நிர்வாகத்தின் செலவு. புளியோதரையும் தயிர்சாதமும் ஆசிரியைகள் வீட்டிலிருந்து வரும். கடைசியில் தாளாளர் வந்து பழத்தட்டைக் கையில் கொடுத்து, "நல்லபடியாப் பெத்துட்டு வாங்கம்மா, உங்க இடம் உங்களுக்குத்தான்" என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். விடுப்பு ஆணை என்றால் அந்தக் கைதட்டல்தான். அதற்கு மேல் ஒரு தாள் கேட்பது ஐயாவை நம்பாததுபோல ஆகிவிடும் என்பதால் யாரும் கேட்டதில்லை. வளையல் குலுங்க வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

சத்யப்பிரியாவுக்கு வளையல் போட்ட அன்று சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது கேத்ரின்தான். தாளாளர் வழக்கமான வார்த்தைகளோடு, "ஜூன்ல ஆறாம் வகுப்பு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்" என்று கூடுதலாக ஒன்று சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

அதே நாற்காலியில் பத்து வருஷத்துக்கு முன்னால் கேத்ரினும் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் எலினா. இரண்டு கையும் வளையல். அதே தாளாளர், அதே பழத்தட்டு. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது அவளையும் புதிதாகச் சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அதற்கு முன் அங்கே உழைத்த ஆறு வருஷம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் அவளைவிட மூத்தவர்களானார்கள்.

அன்றைக்கு அவள் அழுதுகொண்டே மெர்வினிடம் சொன்னாள், எங்கேயாவது போய்க் கேட்போம் என்று. மெர்வினுக்கு அப்போது தன் சொந்த நியமனத்துக்கே ஒப்புதல் வரவில்லை. பெயர் வெளியே அடிபட்டால் தன் நிர்வாகம் என்ன நினைக்குமோ என்று பயந்துகொண்டிருந்தார். "விடு கேத்ரின். வேலை கிடைச்சதுல்ல, வம்பு எதுக்கு" என்றார். அவளும் விட்டாள். விட்டுவிட்டதாகத்தான் பத்து வருஷமும் நினைத்திருந்தாள்.

இப்போது அதே மனிதர், அதே மேசையில், "இது சட்டப்படி செல்லவே செல்லாது, விடக்கூடாது சத்யா" என்கிறார். சத்யாவாம். பள்ளியில் எல்லாரும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லை. வளையல் போட்ட அன்று அறையில் இருந்த ஒவ்வோர் ஆசிரியைக்கும் மெர்வின் போன் செய்தார். ஒருத்திக்கு அன்றைக்குத் தலைவலி, ஒருத்தி கைகழுவப் போயிருந்தாள், ஒருத்திக்கு எதுவுமே ஞாபகமில்லை. வேலை போய்விடும் என்கிற பயம் அவர்களுக்கு. கேத்ரினுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

என்னிடம் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் எப்படி மறுக்க வேண்டும் என்று தேங்காய் துருவும்போதும் துணி மடிக்கும்போதும் வார்த்தைகளைச் சேர்த்து வைத்தாள். எனக்கு ஞாபகமில்லைங்க என்று ஒரு நாள் யோசித்தாள். உங்க சத்யாவையே கேட்டுக்குங்க என்பது இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் மெர்வின் கேட்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது, ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டாரே தவிர, எதிரே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருந்தவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சேர்த்து வைத்த வார்த்தைகள் அவளுக்குள்ளேயே புளித்துப்போயின. தன்னை ஓர் ஆளாகக்கூட அவர் எண்ணவில்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் ஆயா கருத்தம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மிஸ், வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். கோர்ட்டு வாசல்ல உங்க வீட்டுக்காரரு நிக்காரு. அந்த சத்யப்பிரியா டீச்சர் புள்ளையத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு. எம்புட்டு லாவகமா வச்சிருக்காருங்கிய."

கருத்தம்மாளுக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள். கேத்ரினுக்கோ அன்று முழுவதும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதுகூட அந்தத் தோள்தான் கண்ணில் நின்றது. எலினா பிறந்தபோது, கழுத்து நிற்கட்டும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லித் தூக்காமலே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர் அவர்.

அன்று மதியமே முதல்வர் பரிபூரணம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், சத்யப்பிரியா மனுமேல் சமரசப் பேச்சு இருக்கிறது என்றார். நிர்வாகத்தின் பக்கமாக ஒரு மூத்த ஆசிரியை வந்து, வளையல் போட்ட அன்று 'இனிமேல் நான் வரமாட்டேன்' என்று சத்யப்பிரியாவே சொன்னதைக் கேட்டதாகச் சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும் என்றார். தொடக்கப் பிரிவுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் தேவைப்படுவதைப் பற்றியும் பேசினார். அங்கேயே படிக்கிற எலினாவின் கட்டணச் சலுகை தொடரும் என்பதைக் கேட்காமலே சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊர்ல அவிய ரெண்டு பேரையும் பத்தி என்னென்னமோ பேசுதாங்க கேத்ரின். நான் நம்பல. ஆனா உங்களை நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல."

கேத்ரின் கண்களைத் துடைத்துக்கொண்டாள். வாரேன் மேடம் என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் மெர்வின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரை இரண்டு தரம் அழுத்தினார். கேத்ரின் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"நாளைக்கு யாருக்குக் கல்யாணம்?"

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எலினா சிரித்தாள். மெர்வினும் பாதிச் சிரித்தார். நாளைக்கு அந்தப் பேச்சு இருக்கிறதல்லவா என்றார். சாட்சி கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றார்.

"எல்லாரையும் கேட்டாச்சோ?"

"கேட்டாச்சு."

"எல்லாரையும்?"

இஸ்திரிப்பெட்டி ஓர் இடத்தில் நின்றது. "உன்னை இதுல இழுக்க வேண்டாம்னு நெனச்சேன்" என்றார்.

அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. இந்தக் காரியம் எனக்கும் சத்யாவுக்கும் உள்ளது, நீ தள்ளி நில் என்பதாகத்தான் கேத்ரின் காதில் அது விழுந்தது. நறுக்கிய பீன்ஸைச் சட்டியில் கொட்டிவிட்டு எழுந்தாள்.

"எனக்குத் தொறக்காத வாய் அவளுக்கு மட்டும் தொறந்திருக்கு. நல்லாருங்க."

மெர்வின் ஏதோ சொல்ல வந்தார். எலினா எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்ப்பதைக் கண்டு மறுபடி காலரை அழுத்தத் தொடங்கினார். மறுநாள் தானும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரப்போவதைக் கேத்ரின் சொல்லவில்லை.

பள்ளியின் கார் நீதிமன்ற வளாகத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று இருக்கும். முன் இருக்கையில் பள்ளியின் வழக்கறிஞர், பின்னால் பரிபூரணமும் கேத்ரினும். வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் மெர்வின் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு துண்டு, துண்டின் மேல் குழந்தை. பக்கத்தில் சத்யப்பிரியா நின்றுகொண்டு, கருப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இன்பம் என்கிற வழக்கறிஞர் அவள்தான். அங்கே பெண்களுக்கு வழக்கறிஞர் கட்டணம் கிடையாது, அவளை ஆணைக்குழுவே அமர்த்தியிருக்கிறது என்று மெர்வின் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

கேத்ரின் காரிலிருந்து இறங்கினாள். மெர்வின் பார்த்தார். முதலில் மலர்ந்த முகம், அவளுக்குப் பின்னால் பரிபூரணம் இறங்கியதும் அப்படியே சுருங்கிப்போயிற்று. இந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். பார்த்தாயிற்று. ஆனால் நினைத்திருந்த திருப்தி வரவில்லை.

பரிபூரணமும் வழக்கறிஞரும் உள்ளே போய் வரிசை எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது சத்யப்பிரியா அவளருகே வந்தாள். சண்டை போடட்டும் என்று கேத்ரின் நிமிர்ந்து நின்றாள்.

"மிஸ், நீங்க அவிய கூட வந்ததுல எனக்குக் கோவமில்ல. எலினா அங்கதான படிக்குது. என்ன செய்ய முடியும்."

இவளுக்கு ஒழுங்காகக் கோபப்படக்கூடத் தெரியாதா என்று கேத்ரினுக்கு ஆத்திரமாக வந்தது. காபியைப் போலவே இதையும் முகம் சுளிக்காமல் விழுங்குகிறாள்.

"சார் மேல மட்டும் வருத்தப்படாதீங்க மிஸ்" என்றாள் சத்யப்பிரியா. "என் கேஸை ஏன் இப்படி அலைஞ்சு பார்க்கிறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். கேத்ரினுக்கு நடந்தப்ப நான் வாயத் தொறக்கல, அது எனக்கு இன்னும் அடங்கலன்னு சொன்னாரு."

கேத்ரின் அவளை வெறித்துப் பார்த்தாள். சத்யப்பிரியா ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் கேத்ரினுக்கு இருந்த பொறாமையெல்லாம் இப்போதுதான் ஒன்றாகத் திரண்டது. சர்க்கரை, தோள், பெயர், எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பத்து வருஷமாக அவள் கேட்க ஏங்கிய ஒரே வார்த்தையை அவர் கொண்டுபோய் இந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லாததை உங்கிட்டச் சொன்னாராக்கும்" என்றாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தலை முழுக்க நரைத்தவர், கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். இன்பம் சுருக்கமாகப் பேசினாள். மகப்பேறு விடுப்பில் இருந்த பெண்ணை வேலையிலிருந்து எடுத்தது செல்லாது, பழைய சம்பளத்தோடும் பணித்தொடர்ச்சியோடும் திரும்ப எடுக்க வேண்டும், விடுப்புக் காலச் சம்பளம் தர வேண்டும் என்றாள். பள்ளியின் வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல் மறுத்தார். விடுப்பே கொடுக்கவில்லை, அந்தப் பெண் தானாக நின்றுகொண்டாள், நிர்வாகம் பெருந்தன்மையாக வளையல் போட்டு அனுப்பியது என்றார். வளையல் போட்டது வழியனுப்பத்தான். அவளே வரமாட்டேன் என்று சொன்னதைக் கேட்ட மூத்த ஆசிரியை இதோ வந்திருக்கிறார்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேத்ரினைப் பார்த்தார். பெயர் கேட்டார். எந்த வகுப்பு என்று கேட்டார். பிறகு சாதாரணமாக, எத்தனை வருஷமாக அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றார்.

"பதினாறு வருஷம் ஐயா."

பரிபூரணம் மெல்லக் குனிந்து, "பத்து வருஷம் ஐயா. எங்க ரெக்கார்டுல பத்துதான்" என்று திருத்தினார்.

நீதிபதி ஒருவரையும் அடுத்தவரையும் பார்த்தார். "எதும்மா சரி?"

 பத்து என்று சொன்னால் போதும். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், அவளும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடலாம். ஆனால் பத்து என்று சொன்னால் அந்த ஆறு வருஷத்தைத் தன் வாயாலேயே அழித்ததாகும். இவ்வளவு நாள் அவர்கள் அழித்தது. இப்போது அவளே அழிக்க வேண்டும், அதுவும் மெர்வின் பார்த்துக்கொண்டிருக்க.

"பதினாறுதான் ஐயா" என்றாள். "நடுவுல ஒரு புள்ளை பெத்தேன். அதனால இவங்க கணக்குல பத்து."

பரிபூரணம் அவள் கையைத் தொட்டார். கேத்ரின் கையை இழுத்துக்கொண்டாள். நீதிபதி பேனாவை எடுத்தார். அப்போது உங்களிடம் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டார். நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வாருங்கள், உங்கள் இடம் உங்களுக்குத்தான் என்று சொன்னதை அப்படியே சொன்னாள். இந்தப் பெண்ணிடம் என்ன சொன்னார்கள் என்றார். அதேதான் என்றாள். ஆறாம் வகுப்பு ஜூனில் காத்திருக்கும் என்று தாளாளர் சொன்னதையும், சந்தனக் கிண்ணத்தோடு தான் அருகில் நின்றதையும் சொன்னாள். வரமாட்டேன் என்று சத்யப்பிரியா எதுவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டுச் சிரித்தாள், அவ்வளவுதான்.

பள்ளியின் வழக்கறிஞர் எழுந்துவிட்டார். மனுதாரருக்கு உதவுகிற சங்கக்காரரின் மனைவி இவர், மனுதாரருக்கு வேண்டியவர் என்றார்.

"நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் நீதிபதி.

"வேண்டியவ இல்ல ஐயா" என்றாள் கேத்ரின்.  "இந்தப் புள்ளையக் கண்டாலே எனக்கு ஆகாது. இவளுக்கு விரோதமாப் பேசத்தான் கார்ல ஏறி வந்தேன். இவளுக்கு வக்கீலு வருது, சங்கம் வருது, என் வீட்டுக்காரரு ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு வாராரு. எனக்கு ஒருத்தரும் வரல. அந்தப் பொறாமை எனக்கு இருக்கு, இப்பவும் இருக்கு. ஆனா அன்னைக்கு அவங்க சொன்னது சொன்னதுதான்."

 இன்பம் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். சத்யப்பிரியா அழுதாள். மெர்வின் இருந்த பக்கம் கேத்ரின் திரும்பவில்லை.

பள்ளித் தரப்பு வெளியே போய்த் தாளாளருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தது. வந்தபோது பேச்சு மாறியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து பழைய சம்பளத்திலேயே, பணித்தொடர்ச்சியோடு எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விடுப்புக் காலச் சம்பளத்துக்கு அவகாசம் கேட்டார்கள். நீதிபதி அதை அடுத்த அமர்வுக்கு வைத்தார். அதற்குள் தரவில்லையென்றால் வழக்காகப் போகும் என்று இன்பம் சத்யப்பிரியாவிடம் சொன்னாள்.

பரிபூரணம் காரில் ஏறும்போது, "நீங்க பஸ்ல வந்திருவீங்கள்ல" என்று மட்டும் கேட்டார். கார் போயிற்று.  எலினாவின் படிப்பு, மாதச் சம்பளம், நாளைக் காலை பள்ளி வாசல், எல்லாம் ஒன்றாகக் கேத்ரினின் கண்முன் வந்து நின்றன. இன்பம் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். அந்த ஆறு வருஷத்தை இப்போது மீட்பது கஷ்டம், காலம் கடந்துவிட்டது என்று ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் இன்று பேசியதற்காக நாளை உங்கள்மேல் கை வைத்தால் அது புது விஷயம், அதற்கு நான் வருவேன் என்றாள். நடந்ததை ஆதியோடந்தமாக இன்றைக்கே எழுதி, காலையில் ஒரு மனுவாக இங்கே சேர்த்துவிடுங்கள், நாளை வழக்கம்போல வேலைக்குப் போங்கள், அவர்களாக வெளியே போகச் சொல்லட்டும், நீங்களாக நிற்காதீர்கள்.

சத்யப்பிரியா குழந்தையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேத்ரின் முன்னால் வந்து தயங்கினாள். எனக்கு உங்களைப் பிடிக்கும் மிஸ் என்றாள். கேத்ரின், வெயிலில் குழந்தையின் தலையை மூடச் சொன்னாள்.

ராஜபாளையம் போகிற பஸ், நிலையத்தில் காலியாக நின்றது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். கேத்ரின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மெர்வின் பக்கத்தில். எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"கார்ல வாரேன்னு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவகிட்டச் சொன்னதை நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல?"

மெர்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்டச் சொல்ல லேசா இருந்துச்சு. உங்கிட்டச் சொன்னா நீ திருப்பிக் கேப்பே."

"என்ன கேப்பேன்?"

"அன்னைக்கு ஏன் வரலன்னு கேப்பே. எங்கிட்டப் பதில் கிடையாது. பயந்தேன், அம்புட்டுதான். சாட்சிக்கு உன்னைக் கேக்காததும் அதான். அன்னைக்கு உன் வாயை அடைச்ச நானே இன்னைக்கு அவளுக்காகத் தொறன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?"

கேத்ரின் கேட்டுக்கொண்டாள். உடனே எதுவும் ஆறிவிடவில்லை. அவர் இதைச் சொன்னபோது அவளைப் பார்த்துச் சொன்னார் என்பது மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

மெர்வின் பையிலிருந்து வெள்ளைத் தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லு, எழுதுதேன். இறங்குமுன்னாடி ஒரு பிரதி ஆயிரும். காலைல நானும் உங்கூட ஸ்கூல் வாசல் வரைக்கும் வந்துட்டு, அப்புறம் போய் இன்பம் மேடத்துகிட்டக் கொடுத்திருதேன்."

"உங்க ஸ்கூலு?"

"ஒரு நாள் லேட்டாப் போனா ஒண்ணும் ஆகாது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தாள். பதினாறு வருஷம் என்று ஆரம்பிக்கச் சொன்னாள். எழுதினார். வளையல், பழத்தட்டு, தாளாளர் சொன்ன வார்த்தை, புதிதாகச் சேரச் சொன்னது எல்லாம் வரிசையாக வந்தன. அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். அன்று அறையில் யார் யார் இருந்தார்கள், கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டார். இதெல்லாம் இவ்வளவு நாள் கேட்கப்படாத கேள்விகள்.

"வேலை தந்ததே போதும், விட்டுவிடு என்று என் கணவர் சொன்னார். அதையும் எழுதுங்க."

பேனா நின்றது. "அது மனுவுக்குத் தேவையில்ல கேத்ரின்."

"எனக்குத் தேவை."

மெர்வின் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக அந்த வரியை எழுதினார். கேத்ரின் எட்டிப் பார்த்து, முழுதாக இருக்கிறதா என்று வாசித்தாள். இருந்தது.

"அவளுக்கு எழுதினதைவிட நீளமா வரணும்" என்றாள்.

ஓட்டுநர் ஏறி வண்டியைக் கிளப்பினார். மடியில் இருந்த தாள் அதிர்ந்து எழுத்துகள் கோணின. மெர்வின் பையின் மேல் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பொறவு என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.